இடுப்பு மூட்டிலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்

எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது நம்மவர் பழமொழி. அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்து, அவ்வப்போது கொத்துவிக்க வேண்டியிருப்பதை நாம் வீட்டிலே காண்கிறோம். கிணற்றுக் கப்பியின் அச்சுத் தேய்கிறது. துவிச்சக்கர வண்டியின் ரயர் தேய்கிறது. செருப்பின் குதிப்பக்கம் தேய்கிறது. தேய்ந்ததைக் கழித்துவிட்டுப் புதியதொன்றை வாங்கிக்கொள்கிறோம். ஆனால் எமது உடம்பினுள்ளே இருந்து தேயும் ஒரு பொருளுக்கு மாற்றுத் தேடுவது எங்ஙனம்? தேடிக் கண்ட மாற்றுப் பொருளும் தேயத் தொடங்கினால் என் செய்வது?

இடுப்பு மூட்டைக் கிண்ணத்தினுள் வைத்த உருண்டைக்கு ஒப்பிடலாம். தொடையெலும்பின் தலை உருண்டை. இடுப்பெலும்பிலுள்ள குழி கிண்ணம். இரண்டின்மேலும் கசியிழையம் என்னும் வழுவழுப்பான போர்வை படர்ந்திருக்கிறது. எலும்பு முறிந்தாற் பொருந்தும். கசியிழையமோ தேய்ந்தாற் பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. அது முற்றாகத் தேய்ந்தபின் எலும்போடு எலும்பு உராயும். அந்நோவை அனுபவித்தவர்க்கே அதன் கொடுமை தெரியும். நாள்தோறும் கோயில் வீதியை வலம்வந்த மூதாட்டி படலையைத் தாண்டவும் அஞ்சுகிறார். பாயிலிருந்து எழுவதற்கும் பேரப்பிள்ளையின் கையைத் தேடுகிறார். நோவினால் இரவில் உறக்கமும் வருவதில்லை.

இன்று இத்தகையோருக்கு மூட்டையே மாற்றிவிடும் சத்திரசிகிச்சை உலகெங்கும் நடைபெறுகின்றது. எமது நாட்டு வைத்தியசாலைகளிலும் நடைபெறுகின்றது. உலோகத்தாலோ வெண்களி போன்ற மட்பொருளாலோ ஆன உருண்டையொன்று. அது சுழல்வதற்குப் பிளாஸ்டிக் கிண்ணமொன்று. பெரும்பாலான செயற்கை இடுப்பு மூட்டுகளின் அமைப்பு இவ்வளவே. அந்தப் பிளாஸ்டிக் எங்ஙனம் தேய்மானத்தை எதிர்க்குமாறு பதப்படுத்தப்பட்டது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். இக்கதையில் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதரின் பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் அதனினும் பெரிய பங்கு உண்டு.

கதை இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியில், விகன் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள றைட்டிங்டன் வைத்தியசாலையிலே தொடங்குகிறது. அங்கே பணியாற்றிய ஜோன் சார்ன்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1911 இற் பிறந்தவர். இயந்திரங்களின் இயல்பறிந்து சிந்திப்பதில் வல்லவர். அக்காலத்தில், அக்கிரிலிக் என்னும் பிளாஸ்டிக்கினாற் செய்த உருண்டையைத் தொடையெலும்பின் தலைக்குப் பதிலாகப் பொருத்தும் வழக்கம் இருந்தது. அவ்வாறு பொருத்தப்பெற்ற ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவருக்கு ஒரு விசித்திரமான குறை. உணவு மேசையில் முன்னே குனியும்போதெல்லாம் அவருடைய இடுப்பு கிறீச்சென ஒலித்ததாம். அவ்வொலியைச் சகிக்கமாட்டாமல் அவர் மனைவி அறையை விட்டு வெளியேறிவிடுவாராம்.

கேட்டவர் சிரித்திருக்கக் கூடும். சார்ன்லியோ சிந்தித்தார். கதவுக் கீல் கிறீச்சிடுவது உராய்வு மிகுதியால் அன்றோ? இயற்கை மூட்டில் உராய்வு மிக மிகக் குறைவு. ஆகவே செயற்கை மூட்டிலும் உராய்வைக் குறைப்பதே வழி என அவர் முடிவு செய்தார். உருண்டையின் விட்டம் சிறிதானால் உராய்வினால் எழும் திருகுவிசை குறையும். எனவே அதனைப் படிப்படியாகச் சிறிதாக்கி, இறுதியில் ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு, அதாவது ஏறத்தாழ 22 மில்லிமீற்றர், என வரையறுத்தார். கிண்ணத்துக்கோ, அன்று அறியப்பட்டிருந்த திண்மங்களில் மிகவும் வழுக்கும் பொருளான டெப்லோனைத் தேர்ந்தெடுத்தார். எமது சமையலறைகளிலே தோசை ஒட்டாத தட்டுகளிற் பூசப்பட்டிருக்கும் அதே பொருள்தான்.

1950 களின் இறுதியில் இம்மூட்டுகள் பொருத்தப்பட்டன. பலன் அற்புதமாயிருந்தது. ஊன்றுகோலோடு வந்தவர்கள் நடந்து சென்றார்கள். நோயாளர் தொகை முந்நூறு வரையில் உயர்ந்தது. ஆனால் ஓரிரண்டு ஆண்டுகள் கழிந்ததும் துயரம் தொடங்கிற்று. டெப்லோன் வழுக்கியது உண்மை. ஆயின் அது விரைவாகத் தேய்ந்தது. கிண்ணத்தை உருண்டை குடைந்துகொண்டே சென்றது. உதிர்ந்த துகள்களைச் சூழ்ந்து இழையங்கள் வீங்கித் திரண்டன. வழுக்குவது வேறு, தேயாமலிருப்பது வேறு என்னும் பாடத்தை மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம். வெண்ணெயும் வழுக்கும், அதனால் அச்சாணி செய்ய இயலுமா? பொருத்திய கிண்ணங்களை மீண்டும் சத்திரசிகிச்சை செய்து அகற்ற வேண்டியதாயிற்று. தம்மை நம்பி வந்தவர்களை மீண்டும் மேசைமேற் கிடத்தி, தாம் வைத்ததைத் தாமே எடுக்கும் வைத்தியரின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும்!

1962 மே மாதத்தில், சார்ன்லியின் பட்டறையிற் பணியாற்றிய ஹரி கிரேவன் என்னும் தொழில்வல்லுநரிடம் வியாபாரி ஒருவர் வந்தார். லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளுக்குப் பற்சக்கரம் செய்ய உதவும் ஒரு புதிய பிளாஸ்டிக்கின் மாதிரித் துண்டை அவர் காட்டினார். அது மிகப் பெரிய மூலக்கூறுகளையுடைய பொலியெதிலீன். சார்ன்லி அதனை நகத்தால் அழுத்திப் பார்த்தார். இதிற் காலத்தை வீணாக்க வேண்டாம் என்ற கருத்துப்படக் கூறிவிட்டுச் சென்றார். கிரேவன் அதனை எறிந்துவிடவில்லை. தாம் அமைத்திருந்த தேய்மானச் சோதனை இயந்திரத்திற் பூட்டி, இரவு பகலாக ஓடவிட்டார். சார்ன்லி அச்சமயம் கோப்பன்ஹேகன் நகரத்துக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பி வந்தபோது, டெப்லோன் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட இப்புதிய பொருள் மூன்று கிழமைகளில் தேயவில்லை என்பதைக் கிரேவன் காட்டினார். தலைவர் வேண்டாமென்றதைத் தொழிலாளி செய்து பார்த்தது, எம் கருத்தின்படி, இக்கதையிலே மிகவும் இனிய பகுதி.

சார்ன்லி உடனே நோயாளருக்கு அதனை வைக்கத் துணியவில்லை. ஒரு முறை சுட்டுக்கொண்டவர் அல்லவா? டெப்லோன் துகளையும் புதிய பொலியெதிலீன் துகளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு மாதக்கணக்கிற் காத்திருந்தார். டெப்லோன் இருந்த இடம் கட்டியாகத் தடித்தது. பொலியெதிலீன் இருந்த இடம் அவ்வாறு ஆகவில்லை. 1962 நவம்பரிற் பொலியெதிலீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளருக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெறும் இடுப்பு மூட்டுகளுக்கு மூலமாதிரி அதுவே எனலாம்.

இப்பொலியெதிலீன் என்பது யாது? கடையிற் சாமான் கட்டித் தரும் பொலித்தீன் பையும் இதுவும் ஒரே குலம். 1933 இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றில், எதிலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, எதிர்பாராத வகையில் மெழுகு போன்ற வெண்பொருளொன்று கிடைத்தது. 1953 இல் யேர்மனியிற் காள் சீக்ளர் என்னும் இரசாயனர், பேரழுத்தமின்றியே அதனை ஆக்கும் வழியைக் கண்டார். 1963 இல் இத்தாலிய அறிஞர் நற்றாவுடன் நோபெற் பரிசையும் பகிர்ந்துகொண்டார். சீக்ளரின் வழியிலேதான் மிக நீண்ட மூலக்கூறுகளை ஆக்கல் கைகூடிற்று.

மிக நீண்டது என்றோம், எவ்வளவு நீளம்? மூட்டுக்குரிய பொலியெதிலீனின் ஒரு மூலக்கூறில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட காபன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கலாம். அதனை இடியப்பத்தின் ஓர் இழையளவு, அதாவது ஒரு மில்லிமீற்றர் பருமன், உடையதாகப் பெருப்பித்துப் பார்ப்போமாயின், அதன் நீளம் எழுபது எண்பது மீற்றர் இருக்கும்! இத்தகைய இழைகள் கோடானுகோடி ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சில இடங்களில் இழைகள் மடிந்து மடிந்து ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பளிங்குகள் என்பர். மற்றை இடங்களில் ஒழுங்கின்றிச் சிக்குண்டு கிடக்கின்றன. ஏறக்குறையப் பாதி பளிங்கு, பாதி சிக்கல். பளிங்கு உறுதியைத் தருகிறது. சிக்கல் இழுவைத் தாங்குந் தன்மையைத் தருகிறது. இவ்விரு பகுதிகளையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் விவாதம் முழுவதும் இவற்றின்மேலேயே எழுந்தது.

புதிய கிண்ணம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரிற் பத்தில் ஒரு பங்கு அளவே தேய்ந்தது. பத்தாண்டுகளுக்கு ஒரு மில்லிமீற்றர். இது பெரிதா என்று கேட்கலாம். கிண்ணம் ஓட்டையாவதற்கு முன் ஆயுள் முடிந்துவிடும் என்றே பலர் எண்ணினர். ஆனால் துன்பம் வேறு வழியால் வந்தது. தேய்ந்த பிளாஸ்டிக் எங்கே போகிறது? செருப்பிலிருந்து உதிர்வது தெருவோடு போகும்; மூட்டிலிருந்து உதிர்வது உடலினுள்ளேயே தங்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்டுகள்கள் கோடிக்கணக்காகச் சேரும். உடலின் காவற்கலங்கள் அவற்றைக் கிருமிகளென எண்ணி விழுங்கும். விழுங்கியதைச் செரிக்க முடியாமல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். அதன் விளைவாக அயலிலுள்ள எலும்பு கரையத் தொடங்கும். எலும்பு கரைந்தால் மூட்டு ஆடும், நோவு மீளும், மறுபடியும் சத்திரசிகிச்சை, அதுவும் முதியவயதில், தேய்ந்து மெலிந்த எலும்பில்.

இதன் காரணம் முதலில் விளங்கவில்லை. மூட்டை எலும்பிற் பதிப்பதற்குப் பயன்படும் அக்கிரிலிக் சீமெந்தின்மீது பழி விழுந்தது. "சீமெந்து நோய்" என்றே பெயரும் வைத்தார்கள். சீமெந்து இன்றிப் பொருத்தும் மூட்டுகளை ஆக்கினார்கள். அவற்றிலும் எலும்பு கரைந்தது. உண்மைக் குற்றவாளி பிளாஸ்டிக் துகள் என்பது அதன்பின்னரே பலருக்கும் தெளிவாயிற்று.

அது மட்டுமன்று. மூட்டுகளிலுள்ள கிருமிகளைக் கொல்ல, கோபாற்று-60 இலிருந்து வரும் காமாக் கதிரைப் பாய்ச்சுவது பல ஆண்டுகளாக வழக்கமாயிருந்தது. காற்று உள்ள பொதியிலே வைத்தே பாய்ச்சினர். கதிர் கிருமியைக் கொன்றது. அத்தோடு பொலியெதிலீன் இழைகளிலிருந்த பிணைப்புகளையும் உடைத்தது. உடைந்த இடத்தில், துணையிழந்த இலத்திரனொன்று நிற்கும். அதனைச் சுயாதீன மூலிகம் என இரசாயனர் வழங்குவர். துணையிழந்தது யாருடனாயினும் சேரத் துடிக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் அருகிலிருந்தால் அதனோடு சேரும். அதன் விளைவாக நீண்ட இழை துண்டுகளாகும். அலுமாரியிற் சில ஆண்டுகள் கிடந்த கிண்ணங்களை அறுத்துப் பார்த்தபோது, மேற்பரப்பின் சற்றுக் கீழே வெண்ணிற வளையமொன்று தெரிந்தது. அவ்விடம் உலர்ந்த பிசுக்கோத்துப் போல நொறுங்கிற்று. வெயிலிற் கிடந்த பிளாஸ்டிக் வாளி சில ஆண்டுகளில் வெடித்து உதிர்வதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாகாது. 1990 களின் நடுப்பகுதி தொடக்கம் காற்றற்ற பொதியிலோ, கதிரின்றி வாயுவினாலோ கிருமி நீக்கும் முறைகள் வந்தன.

இனி, பொலியெதிலீன் ஏன் தேய்கிறது என்னும் அடிப்படை வினாவுக்கு வருவோம். இதற்கு விடை காண மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். மெல்லிய பொலித்தீன் பையிலிருந்து விரலகலத் துண்டொன்றை வெட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து மிக மெதுவாக இழுங்கள். துண்டு ஓரிடத்தில் ஒடுங்கும். அவ்வொடுக்கம் இருபுறமும் பரவும். நன்றாக நீண்டபின் மேலும் இழுத்து அறுக்க முயலுங்கள். முன்னிலும் கடினமாயிருக்கும். இப்பொழுது அதே துண்டை அகலவாட்டிலே பிரித்துப் பாருங்கள். பனையோலையைக் கிழிப்பதுபோல நெடுக்கே எளிதாகப் பிரியும், நார்நாராகவும் பிரியலாம். நடந்தது என்ன? சிக்கிக் கிடந்த இழைகள் இழுத்த திசையிலே வரிசையாகிவிட்டன. அத்திசையில் வலிமை கூடிற்று; குறுக்கே வலிமை குன்றிற்று. விறகை நெடுக்கே பிளப்பது எளிது, குறுக்கே தறிப்பது கடினம் என்பதும் இதனை ஒத்ததே.

மூட்டுக் கிண்ணத்தின் மேற்பரப்பிலும் இதுவே நிகழ்கிறது. உருண்டை ஒரு திசையிற் செல்லும்போது மேற்பரப்பிலுள்ள இழைகள் அத்திசையில் வரிசையாகின்றன. உருண்டை என்றும் அதே பாதையில் முன்னும் பின்னும் சென்றுகொண்டிருந்தால் தேய்மானம் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் நாம் நடக்கும்போது இடுப்பு முன்பின்னாக மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் சரிகிறது, சற்றுத் திருகவும் செய்கிறது. உருண்டையின்மேல் ஒரு புள்ளியிட்டு அதன் சுவட்டைக் கீறினால், அது நேர்கோடாக அன்றி, நீள்வளையம் போன்ற வடிவங்களாகக் கிண்ணத்திற் படியும். ஓர் அசைவு இழைகளை வரிசையாக்கும். அதனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மற்றோர் அசைவு, வரிசையான நார்களை உரித்தெடுக்கும். ஒருவர் ஆண்டுக்குப் பத்து இலட்சம் தடவையளவு ஒரு காலை ஊன்றி நடக்கிறார் என்று கணக்கிடுவர். உதிரும் துகளுக்குக் கேட்க வேண்டுமா? நேர்கோட்டில் மட்டும் தேய்த்துப் பார்த்த பழைய சோதனை இயந்திரங்கள், தேய்மானத்தை மிகக் குறைவாகக் காட்டி ஆராய்ச்சியாளரை ஏமாற்றி வந்தன என்பது 1990 களிலேதான் நன்கு உணரப்பட்டது.

நோய் விளங்கினால் மருந்தும் விளங்கும். இழைகள் வரிசையாவதைத் தடுக்க வேண்டும். அதற்கு ஓர் இழையை அடுத்த இழையோடு இடையிடையே பாலமிட்டுக் கட்டிவிட வேண்டும். இவ்வித்தை இரசாயனருக்குப் புதிதன்று. எமது நாட்டாருக்கும் அந்நியமன்று. 1839 இல் அமெரிக்காவிற் சார்ள்ஸ் குட்இயர் என்பவர் றப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது நிகழ்ந்தது இதுவே. வெயிலில் இளகிப் பிசுபிசுத்த றப்பர், கந்தகப் பாலங்களாற் கட்டுண்டு, இழுத்தால் மீளும் உறுதியான பொருளாயிற்று. அதனாலன்றோ 1876 இற் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் றப்பர்க் கன்றுகள் நடப்பட்டதும், களுத்துறையும் கேகாலையும் றப்பர்க் காடுகளானதும்! பச்சைப் பாலாகிய றப்பரைக் கொண்டு ரயர் செய்ய எவராலும் முடிந்திராது.

ஆனால் றப்பரிற் கந்தகம் பற்றிக்கொள்வதற்கு இடமளிக்கும் இரட்டைப் பிணைப்புகள் பொலியெதிலீனில் இல்லை. ஆகவே அதே காமாக் கதிரையோ, வேகமான இலத்திரன் கற்றையையோ நாட வேண்டியிருந்தது. கதிர் உண்டாக்கும் மூலிகங்கள் ஒட்சிசனோடு சேர்ந்தாற் கேடு. இரு மூலிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தாலோ பாலம். கிருமி நீக்கக் கொடுத்த அளவு 25 முதல் 40 கிலோகிறே. பாலமிட 50 முதல் 100 கிலோகிறே. யப்பானிய வைத்தியர் ஊனிஷி 1971 ஆம் ஆண்டளவிலேயே இதனினும் மிகப் பெரிய அளவு கதிர் ஊட்டிய கிண்ணங்களைப் பொருத்தினார். அவை மிகக் குறைவாகவே தேய்ந்தன. உலகம் அப்போது அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இங்கேதான் வெப்பம் அரங்குக்கு வருகின்றது. கதிர் ஊட்டியபின், சிக்கலான பகுதிகளிலுள்ள மூலிகங்கள் ஓரளவு நடமாடித் துணை தேடிக்கொள்ளும். பளிங்கினுள்ளே அகப்பட்டவையோ அசைய வழியின்றிச் சிறைப்பட்டுக் கிடக்கும். ஆண்டுக்கணக்கில் அவ்வாறே கிடந்து, மெல்ல ஊடுருவி வரும் ஒட்சிசனுக்கு இரையாகும். தேய்மானத்தைத் தடுக்கக் கொடுத்த பெருங்கதிரே நாளடைவிற் பொருளை நொறுங்கச் செய்துவிடும். இச்சிறையைத் திறப்பதற்கு ஒரே வழி, பளிங்கை உருக்குதல்.

பொஸ்டன் நகரில், மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹரிஸ், ஓர்ஹுன் முரட்டோலு ஆகியோரும், மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த எட்வேட் மெரிலும் 1990 களில் இம்முறையை வகுத்தனர். பொலியெதிலீன் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 137 பாகை செல்சியசு. கதிர் ஊட்டிய கட்டியை 150 பாகை வரை சூடாக்கி மணிக்கணக்காக வைத்தால், வெண்ணிறக் கட்டி பனிக்கட்டிபோல ஒளி ஊடுருவும் நிறம் பெறும். பளிங்குகள் கரைந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். ஆயினும் அது பிளாஸ்டிக் வாளிபோல் உருகி ஓடாது. அத்துணை நீண்ட இழைகளும் பாலங்களும் அதனைப் பிடித்து வைத்திருக்கும். விடுபட்ட மூலிகங்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மேலும் பாலங்களாகும். பின் மெதுவாகக் குளிரவிட்டு, அக்கட்டியிலிருந்து கிண்ணத்தைக் கடைந்தெடுப்பர். சூடாக்கும்போது வடிவம் சற்று மாறுமாதலால், கடைந்தபின் சூடாக்குவதில்லை.

ஆய்வுகூடத்தில் இக்கிண்ணம் பழையதைவிடப் பத்தில் எட்டொன்பது பங்கு குறைவாகத் தேய்ந்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. உருகிய இழைகள் குளிரும்போது மீண்டும் முன்போல மடிந்து அடுக்கப் பாலங்கள் விடுவதில்லை. பளிங்கின் பங்கு குறைகிறது. அதனோடு உறுதியும், மீண்டும் மீண்டும் வரும் பாரத்தைத் தாங்கும் ஆற்றலும் குறைகின்றன. மெல்லிய விளிம்புடைய சில கிண்ணங்கள், அதிலும் சரிவாகப் பொருத்தப்பட்டவை, விளிம்பில் வெடித்த செய்திகள் வந்தன.

எனவே மற்றொரு சாரார், உருக்க வேண்டாம், உருகுநிலைக்குச் சற்றுக் கீழே, 130 பாகை அளவில், பதப்படுத்தினாற் போதும் என்றனர். பளிங்கு கெடாது, உறுதி குன்றாது. ஆயின் சிறைக்கதவு முழுதாகத் திறக்கப்படவில்லை. எஞ்சிய மூலிகங்கள் உள்ளேயே இருந்தன. சில ஆண்டுகளின்பின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட அத்தகைய கிண்ணங்களின் விளிம்புகளில் ஒட்சியேற்றம் காணப்பட்டது. ஏழெட்டுப் பாகை வெப்ப வேறுபாட்டில் இத்தனை நன்மை தீமைகள் அடங்கியிருப்பதை எண்ணும்போது, பாகு காய்ச்சும் நம் தாய்மார் பதம் பார்ப்பதில் ஏன் அத்துணை கண்டிப்பாயிருக்கிறார்கள் என்பதும் விளங்குகின்றது. மூன்றாம் சாரார் கதிரைச் சிறிது சிறிதாகப் பகுத்து ஊட்டி, ஒவ்வொரு முறையும் உருகுநிலைக்குக் கீழே சூடாக்கினர். இன்னொரு சாரார் 2007 ஆம் ஆண்டளவில் உயிர்ச்சத்து ஈயினைப் பொலியெதிலீனிற் கலந்து வைத்தியத்துக்குக் கொண்டுவந்தனர். தாவர எண்ணெய்கள் பழுதாகாமற் காக்கும் அப்பொருள், எஞ்சிய மூலிகங்களைத் தானே பற்றி அடக்கிவிடுகிறது. உருக்க வேண்டிய தேவை ஒழிகிறது.

சூடாக்குவதெல்லாம் நன்மையே என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1980 களில் ஒரு வகை முழங்கால் மூட்டின் பிளாஸ்டிக் மேற்பரப்பைச் சூடாக்கி அழுத்தி மினுக்கினார்கள். கண்ணுக்கு அழகாயிருந்தது. வெப்பம் மேலடுக்கின் அமைப்பை மட்டும் மாற்றிவிட்டமையால், சில ஆண்டுகளில் அம்மேலடுக்கு வெங்காயத் தோல்போல உரிந்தது. அதனைப் பெற்றவர்கள் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு ஆளானார்கள். உள்ளே நடப்பதை அறியாமல் வெளித்தோற்றத்துக்காகச் சூடாக்குவதற்கும், மூலிகங்களின் இருப்பிடம் அறிந்து சூடாக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது.

பாலமிட்டு வெப்பமூட்டிய கிண்ணங்கள் 1990 களின் இறுதியிலிருந்து மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டு வருகின்றன. அவற்றின் பலனை அளவிட இயந்திரம் போதாது. ஆண்டுகள் கழிய வேண்டும். அவுஸ்திரேலியாவில், பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டும் தேசியப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. 2018 இல் வெளியான அக்கணக்கின்படி, பதினாறு ஆண்டுகளில், பழைய பொலியெதிலீனைப் பெற்றவர்களில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினர்க்கு மறுசத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. பாலமிட்ட பொலியெதிலீனைப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறுபேர் அளவினர்க்கே வேண்டியிருந்தது. மூட்டு நழுவுதல், கிருமி தொற்றுதல் ஆகிய பிற காரணங்களும் இவ்வெண்களில் அடங்கும். பிளாஸ்டிக் எவ்வளவு சிறந்தாலும் அவற்றை முற்றாகத் தடுக்காது. எனினும் முன்னர் ஐம்பது வயதினருக்கு, கிண்ணம் தேய்ந்துவிடுமே என அஞ்சி, "இன்னும் சில ஆண்டுகள் பொறுங்கள்" என்று கூறி நோவோடு அனுப்பிவைத்த வைத்தியர்கள், இன்று அவ்வளவு தயங்குவதில்லை. வீட்டில் எவருக்கேனும் இச்சிகிச்சை வேண்டியிருப்பின், எவ்வகைக் கிண்ணம் பொருத்தப்படும் என்று வைத்தியரிடம் மரியாதையுடன் கேட்டு அறிந்துகொள்வதில் தவறில்லை.

சார்ன்லி 1977 இல் சேர் பட்டம் பெற்றார். 1982 இற் காலமானார். ஆதலால் பாலமிட்டு உருக்கிய கிண்ணத்தை அவர் காணவில்லை. அவரைக் கைவிட்ட டெப்லோனின் பிற்காலக் கதையையும் அவர் அறிந்திலர். டெப்லோனைக் கதிரிலே காட்டினால் இழைகள் அறுந்து பொருள் பொடியாகிவிடும் என்பதே நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. 1990 களிலே யப்பானிலும் சீனாவிலும் ஆராய்ச்சியாளர்கள் அதனை ஒட்சிசன் இல்லாத இடத்தில் வைத்து, அதன் உருகுநிலையாகிய 327 பாகைக்குச் சற்று மேலே சூடாக்கி, அச்சூட்டிலேயே கதிர் ஊட்டினார்கள். இழைகள் அறுவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று கட்டுண்டன. தேய்மானம் நூறு மடங்குக்கும் மேலாகக் குறைந்தது. இயந்திரங்களின் அச்சுத் தாங்கிகளுக்கும் அடைப்பு வளையங்களுக்கும் அது உகந்தது; இடுப்பு மூட்டுக்கு, கிரேவன் மூன்று கிழமை ஓடவிட்டுப் பார்த்த அந்தத் தறிச்சக்கரப் பிளாஸ்டிக்கே இன்றும் இருந்து வருகின்றது.